எந்த நோட்டில் அந்தப் பெயர்?

1990களின் தொடக்கத்தில் தருமபுரி மாவட்டத்து ஊர் ஒன்றுக்குப் போய், இங்கே எத்தனை பேர் மாசமாக இருக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். கிராம சுகாதார செவிலியரின் நோட்டில் ஓர் எண் இருக்கும். பாலவாடி டீச்சரின் பதிவேட்டில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பிறந்த பிள்ளைகளின் கணக்குதான் உண்டு. அதுவும் இந்த இரண்டோடும் ஒட்டாது. எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிக் கிழவிக்கு மட்டும் எல்லாப் பெயரும் தெரிந்திருக்கும். அவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு கணக்கும் தவறிப்போனதற்கு ஒரு காரணம் இருந்தது. செவிலியரைக் கண்டால் பெண்கள் ஒளிந்தார்கள். அந்தக் காலத்தில் நர்ஸ் என்றாலே 'ஆபரேசனுக்கு ஆள் பிடிக்க வருபவர்' என்றுதான் பொருள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மேலிடத்திலிருந்து இலக்கு வரும், மாதக் கடைசியில் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாவது முறை உண்டானவள் ஏழு மாதம் வரை வீட்டுப் புழக்கடையிலேயே இருந்துகொள்வாள். பாலவாடியில் சத்துமாவு பெயர்க்கணக்குப்படி வந்தது. ஆகவே பிரசவம் முடிந்த பெயர்களும் பதிவேட்டில் கொஞ்ச காலம் தங்கின. கிராம நிர்வாக அலுவலரின் கணக்கு குறைந்ததற்குக் காரணம் இன்னும் எளியது. பிறந்து நான்கு நாளில் செத்துப்போன பிள்ளைக்காக வேலையைப் போட்டுவிட்டு யார் போய்ப் பிறப்பும் இறப்பும் பதிந்துகொண்டிருப்பார்கள்?

இந்த மூன்று நோட்டுகளையும் ஒரே பாயில் விரித்துவைக்கப் பாடுபட்டதுதான் தன் வேலை என்று சொல்கிறார், அந்த மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராகி, ஒரு வட்டாரத்துக்கே சமுதாய சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊர்க்காரர்கள் கூப்பிட்டபடி நர்சம்மா என்றே வைத்துக்கொள்ளலாம்.

துறைகள் கூடி வேலை செய்ய வேண்டும் என்ற பேச்சு அவர் சேர்ந்த நாளிலேயே இருந்தது. வட்டார அலுவலகத்தில் ஒருங்கிணைப்புக் கூட்டம் என்று போடுவார்கள். சுகாதாரத் துறை, சத்துணவு, ஊராட்சி, ஒரு தொண்டு நிறுவனம், இரண்டு பள்ளி ஆசிரியர்கள். தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும் என்பதில் அங்கே ஒருவருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. டீ வரும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள், கூட்டம் கலையும். "நோக்கத்துல எல்லாரும் ஒண்ணுதாங்க. எந்த வீட்டுக்கு யாரு போறதுன்னு கேட்டா மட்டும் ஃபேனைப் பார்ப்பாங்க" என்கிறார் நர்சம்மா.

உருப்படியான முதல் கூட்டம் பாலவாடியில், பிள்ளைகளுக்கு எடை போட்ட ஒரு நாளில் நடந்தது. யாரும் கூட்டம் என்று பெயர் வைக்கவில்லை. எடை போட்டு முடித்தபின் நர்சம்மாவும் டீச்சரும் உட்கார்ந்து இருவர் நோட்டையும் பெயர் பெயராக ஒப்பிட்டார்கள். இரண்டு உண்மைகள் வெளிவந்தன. பாலவாடி ஊர்த்தெருவில் இருந்ததால் காலனிப் பெண்கள் அங்கே வருவதில்லை. டீச்சரும் அங்கே போவதில்லை. காலனியில் நர்சம்மாவுக்குத் தெரிந்த கர்ப்பிணிகளில் ஒருத்தியின் பெயர்கூட டீச்சரின் பதிவேட்டில் கிடையாது. இது மாவுக்கணக்கில் வந்த பிழை அல்ல, சாதி போட்ட கோடு. சத்துமாவை வாரத்தில் ஒரு நாள் காலனிக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவாவதற்குள் பல மாதம் போயிற்று. அதற்கு ஊராட்சித் தலைவரின் சம்மதம் வேண்டியிருந்தது; தலைவருக்கோ வேறு கணக்குகள் இருந்தன.

இரண்டாவது, தலைப்பிரசவம். முதல் பிள்ளைக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு பெண் பிறந்த ஊருக்குப் போய்விடுவாள். புகுந்த ஊர் நோட்டில் 'வெளியூர் சென்றார்' என்று கோடு விழும். பிறந்த ஊர் நர்ஸுக்கு அவள் வந்திருப்பதே தெரியாது. முதல் பிரசவத்தில்தான் ரத்த அழுத்தமும் வலிப்பும் அதிகம். கண்காணிக்க வேண்டிய கடைசி இரண்டு மாதமும் அவள் எந்த நோட்டிலும் இருக்க மாட்டாள். நர்சம்மா அஞ்சலட்டை வாங்கி வைத்துக்கொண்டார். பெண் கிளம்பியதும் அவள் போகும் ஊரின் துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு அட்டை: பெயர், அப்பா பெயர், எத்தனையாவது மாசம், கடைசியாகப் பார்த்த பி.பி. பதில் வந்தது குறைவு. ஆனால் அட்டை போன ஊர் நர்ஸ்களில் சிலர் பிற்பாடு அவருக்கும் அட்டை போட ஆரம்பித்தார்கள்.

இலக்கு முறையை மத்திய அரசு 1996 ஏப்ரலில் கைவிட்டது. தன் வேலையில் வந்த மாற்றங்களில் இதைத்தான் நர்சம்மா முதலாவதாகச் சொல்கிறார். புது மருந்து, புதுக் கருவி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆள் பிடிக்கும் நெருக்கடி போனதும் நர்ஸைக் கண்டு கதவைச் சாத்துவது மெல்லக் குறைந்தது.

கதவு திறந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் முளைத்த இடம் தருமபுரிதான். ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் உதவிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989இல் அங்கேதான் தொடங்கியது. மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் பரவியது பிற்பாடு. வாரத்தில் ஒரு நாள் பெண்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள் என்பது ஒரு சுகாதாரப் பணியாளருக்குப் பெரிய வாய்ப்பு. நர்சம்மா சத்துணவுப் படங்களைச் சுருட்டிக்கொண்டு போனார். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். முடிந்ததும் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரிங்க நர்சம்மா, முட்டை வாங்குற காசு சாராயத்துக்குப் போவுது, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

கள்ளச்சாராயம் சுகாதாரத் துறையின் வேலை இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் முதல் வேலை அதுதான். அரசுப் பணியாளர் மனுவில் கையெழுத்துப் போட முடியாது, எழுதித் தரலாம். எழுதித் தந்தார். கலெக்டர் ஆபீசில் எந்த அறையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். போலீஸ் வந்தது, ஊறல் பானைகள் உடைந்தன, சில மாதத்தில் வேறு இடத்தில் மறுபடி காய்ச்சினார்கள். ஒழிந்ததா என்றால் இல்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் யாருக்கு எத்தனை மாசம் என்ற பேச்சைக் குழுத் தலைவியே எடுத்தார். பொது வேலைத்திட்டம் என்பதை நர்சம்மா புரிந்துகொண்டது அப்போதுதான். மற்றவர்களின் பட்டியலில் முதலில் இருப்பது நம் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். அதற்கும் கொஞ்சம் நடக்க வேண்டும். ஊராட்சித் தலைவருக்குச் சாலை, பாலவாடி டீச்சருக்கு ஒழுகாத கூரை, இளைஞர் மன்றத்துக்கு ஒரு மேடை. ரசிகர் மன்றத்துப் பையன்களை அவர் மிகவும் மதிக்கிறார். நடிகரின் பிறந்தநாளுக்கு ரத்ததானம் செய்தவர்களின் ரத்த வகையையும் வீட்டையும் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். ரத்தம் தேவைப்பட்டபோது எந்த அலுவலகமும் அந்தப் பையன்களைப் போல ராத்திரியில் எழுந்து வந்ததில்லை என்கிறார்.

பெண் சிசுக்கொலையைப் பேசாமல் தருமபுரியின் பிரசவக் கதையைச் சொல்ல முடியாது. 1986இல் உசிலம்பட்டியைப் பற்றி இந்தியா டுடே எழுதியபோது நாடே அதிர்ந்தது. சேலமும் தருமபுரியும் அதே வரிசையில் இருந்தன. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் அந்த இறப்புகளுக்கு எதிரே 'சமூகக் காரணம்' என்று எழுதும் வழக்கமே இருந்தது. அப்படியாவது எழுதிவைத்ததால்தான் பின்னால் ஆய்வாளர்களால் எண்ண முடிந்தது. ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று 1997இல் எழுதினார்கள். டென்மார்க் அரசின் டேனிடா அமைப்பு உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தில் தருமபுரி கிராமங்களுக்குக் கலைப்பயணம் போனதும் அதை ஒட்டித்தான்.

கலைக்குழுப் பிள்ளைகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். பறை முழங்கியதும் கூட்டம் சேர்ந்துவிடும். நாடகத்தைவிட அது முடிந்தபின் நடந்ததுதான் முக்கியம் என்பது நர்சம்மாவின் கணிப்பு. ஆட்கள் உடனே கலையவில்லை. கிழவிகள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். ஆண்கள் முதல் முறையாக இதைப் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாமல் நின்றார்கள். மறுநாள் காலையில் நர்சும் பாலவாடி டீச்சரும் குழுத் தலைவியும் வீடு வீடாகப் போனார்கள். ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள கர்ப்பிணிகளின் பெயர்களை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் பெயர்களோடு சேர்த்து வட்டமிட்டார்கள். பிரசவத்துக்கு முன்பும் பின்பும் அந்த வீடுகளில் யாராவது ஒருவர் அடிக்கடி போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

சிக்கல் அந்தப் பட்டியலை யாரிடம் கொடுப்பது என்பதில் வந்தது. கூட்டாளிகளில் ஒரு பகுதியினர், காவல் நிலையத்தில் ஒரு நகல் இருந்தால் பயம் இருக்கும் என்றார்கள். நர்சம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு வந்த இடங்களில் சிறைக்குப் போனவர்கள் பெரும்பாலும் பெற்றவளும் கிழவியும்தான். 'இதுவும் பொட்டையா' என்று கேட்டவன் வெளியே இருந்தான். பட்டியல் ஸ்டேஷனுக்குப் போனது தெரிந்தால் அடுத்த மாதமே பெண்கள் மறுபடி புழக்கடைக்குப் போய்விடுவார்கள். வாக்குவாதம் நீண்டது. கடைசியில் அது மூன்று பேரிடம் மட்டும் இருப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். கூட்டு வேலைக்கு எதைப் பகிர்வது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எதைப் பகிரக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்த இடங்கள்தான் உடையாமல் நின்றன என்பது அவருடைய கட்சி.

தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992இல் தொடங்கியது. 2001இல் தருமபுரிக்கும் வந்தது. அதனால் உயிர் பிழைத்த பிள்ளைகள் உண்டு என்பதில் அவருக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. ஆனால் அப்பனுக்கு வழி எளிதாகிவிட்டது என்ற வருத்தமும் உண்டு. தருமபுரியில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 2001இல் 826 பெண் பிள்ளைகள் இருந்தார்கள். 2011இல் அது 913 ஆனது. இதில் தொட்டிலுக்கு எவ்வளவு பங்கு, கலைப்பயணத்துக்கு எவ்வளவு, குழுக்களுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் சிரிக்கிறார். கொல்வது குறைந்த சில இடங்களில் ஸ்கேன் அந்த வேலையைச் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்துவிட்டது. இருந்தும், நகரத்தில் ஒரு ஸ்கேன் மையத்துக்காரர் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து நன்கொடையும் தந்துகொண்டிருந்தார். அவர் மையத்திலிருந்து திரும்பிய பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தன.

பச்சிளம் பிள்ளைக்குச் சேனை வைப்பதில் பாட்டிமார்களோடு நடந்த போராட்டம் வேறு வகை. குடும்பத்தில் மதிப்பான ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவுவார். அவர் குணம் பிள்ளைக்கு வரும். அது முடியும்வரை தாய்ப்பால் கிடையாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள். மேடையில் நின்று இதை மூடநம்பிக்கை என்று பேசிய டாக்டர்கள் எல்லாம் தோற்றார்கள். ஒரு ஊரில் மருத்துவச்சி ஆயாதான் வழி சொன்னார். "மொதல்ல பால் குடுத்துரட்டும். அப்புறம் பெரியவரு கையால நெத்தியில பொட்டு வைக்கட்டும். அவரு கொணமும் வந்துரும், பாலும் எறங்கிரும்." அவர் சொன்னால் மாமியார்கள் கேட்டார்கள். பயிற்சி என்று அழைத்து அந்த ஆயாக்களுக்குச் சோப்பும் பிளேடும் நூலும் கொண்ட பெட்டியைத் தந்தது சுகாதாரத் துறை. அரிவாளால் தொப்புள்கொடி அறுப்பது நின்றது, கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் போட்டதால் பிறந்த பிள்ளைக்கு வரும் ரண ஜன்னி ஒழிந்தது. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியபோது ஆயாக்களின் பிழைப்பு போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. நர்சம்மாவின் வட்டாரத்தில் ஆயாக்கள் சிலரிடம், கர்ப்பிணிகளைத் துணையாக இருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (பி.எச்.சி.) அழைத்து வரச் சொன்னார்கள். கைக்காசு கொடுத்தது பெரும்பாலும் பெற்ற வீட்டார்தான்.

மலைக்கிராமங்கள் தனிக் கதை. வத்தல்மலைக்குச் சாலை வருவதற்கு முன் தூளி கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் துறைகளின் ஒருங்கிணைப்பு என்ற பேச்சே வேடிக்கையாகத் தெரியும்; ஒருங்கிணைக்க முதலில் யாராவது அங்கே இருக்க வேண்டுமே. நர்சம்மா அடிக்கடி சொல்லிக்காட்டும் உதாரணம் சித்தேரிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே உள்ள சித்திலிங்கி பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே போய் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து நர்ஸ்களைக் கொண்டுவராமல் மலையாளிப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். பிரசவம் பார்த்தது அந்தப் பெண்கள், ஊருக்குள் போய்ப் பிள்ளைகளை எடை போட்டதும் அவர்கள். அரசுப் பணியாளராக இருந்துகொண்டு ஒரு தொண்டு நிறுவனத்தைப் புகழ்வது அந்த நாளில் மேலிடத்துக்குப் பிடிக்காது. நர்சம்மாவோ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்ததற்குப் பெண்கள் சொன்ன காரணங்களைக் கேட்டால் அதில் மருத்துவம் குறைவு. ராத்திரியில் பூட்டியிருக்கும். உள்ளே தனியாக விடுவார்கள். திட்டுவார்கள். வெந்நீர் கிடைக்காது. 1998-99இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 79 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்தன; மிச்சமிருந்த பெண்களின் புகார்ப் பட்டியல் இதுதான். அடுத்த பத்தாண்டில் அரசு செய்தவற்றில் பல, அந்தப் பட்டியலுக்கான பதில்களே. பி.எச்.சி.க்கு மூன்று நர்ஸ்களைப் போட்டு முறைமாற்றி 24 மணி நேரமும் திறந்துவைத்தார்கள். 2004இல் பிரசவ அறைக்குள் தாயோ மாமியாரோ கூட இருக்கலாம் என்றார்கள். கூட்டம் சேரும், தொற்று வரும் என்று உள்ளிருந்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். நர்சம்மா வேறொன்றைக் கவனித்தார். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது பெண்ணைத் திட்டுகிற வாய் தானாக அடங்கிவிடும். அதோடு, உள்ளே நடப்பதைப் பார்த்த மாமியார் ஊருக்குத் திரும்பிச் செய்கிற பிரச்சாரத்துக்கு எந்தச் சுவரொட்டியும் ஈடில்லை. பி.எச்.சி.யிலேயே வளைகாப்பு நடத்தியதும் அப்படித்தான். விதவையான தாயை ஊர் வளைகாப்பில் ஒதுக்கி நிறுத்துவார்கள்; இங்கே அவரும் வளையல் போட்டார். ஒரு முதியவர் எழுந்து போய்விட்டார், மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி என்றால் ஆவின் பால்வேன், வாடகை ஜீப், தெரிந்தவரின் டிராக்டர். குழுச் சேமிப்பில் பிரசவத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்கி, கேட்டதும் மறுகேள்வி இல்லாமல் எடுத்துத் தருவது என்று பல குழுக்கள் முடிவெடுத்தன. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தபோது பால்வேன்காரருக்கு விடுதலை. வண்டி எங்கே வந்து நிற்க வேண்டும், சந்துக்குள் வராது என்றால் யார் தூக்கிக்கொண்டு போவது என்று ஊரில் பேசிவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு நடந்த ஊர்களில் வண்டி பயன்பட்டது.

இவ்வளவும் செய்தும் பெண்கள் இறந்தார்கள். ஒரு மரணம் நேர்ந்தால் முன்பெல்லாம் முதலில் வருவது மெமோ. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி என்று சொன்னாலே அரசுப் பணியாளருக்கு வயிறு கலங்கும். ஆகவே மரணத்துக்கு வேறு பெயர் கொடுப்பார்கள். இதயக் கோளாறு, மஞ்சள் காமாலை, இன்னும் வசதியாக 'வெளி மாவட்டம்'. 1990களின் நடுவிலிருந்தே மகப்பேறு மரணங்களை ஆராயும் முறையை மாநிலம் தொடங்கியிருந்தது. 2004இல் ஒவ்வொரு மரணத்தையும் தணிக்கை செய்தே ஆக வேண்டும் என்றானது. தணிக்கையில் சொன்னதை வைத்துத் தண்டனை கிடையாது என்ற உறுதியை நம்பப் பணியாளர்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. நம்பியதும் பதிவாகும் மரணங்களின் எண்ணிக்கை ஏறியது. நல்ல செய்தி அது; பத்திரிகைகளுக்கு அதை விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

கலெக்டர் தலைமையில் நடக்கும் தணிக்கைக் கூட்டத்துக்கு இறந்தவளின் வீட்டாரையும் அழைப்பார்கள். செரீன் தாடியஸும் டெபோரா மெய்னும் 1994இல் எழுதிய மூன்று தாமதங்கள் இன்று உலகெங்கும் பாடம்: போவதென்று முடிவெடுக்கத் தாமதம், போய்ச்சேரத் தாமதம், போன இடத்தில் கவனிக்கத் தாமதம். கூட்டத்தில் அதிகாரிகள் பேச்சு முதல் இரண்டிலேயே சுற்றும். புருஷன் எழுந்து பேசினால் மூன்றாவது வெளியே வரும். ஒருவர் மணிக்கணக்கோடு சொன்னார்: எத்தனை மணிக்கு வந்தோம், எங்கே உட்காரச் சொன்னார்கள், ரத்தம் வாங்கி வரச் சொல்லி எந்த ஊருக்கு அனுப்பினார்கள், திரும்பி வரும்போது என்ன மணி. அறையில் ஒருவரும் குறுக்கிடவில்லை. அவர் சொன்ன மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். பெரிய மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் ரத்தமும் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று சீமாங்க் மையங்கள் அமைந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட சாட்சியங்கள் இருந்தன. அந்த மனிதர் குற்றம் சாட்ட வரவில்லை, நடந்ததைச் சொல்ல வந்தார் என்கிறார் நர்சம்மா. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2001-03இல் 134 ஆக இருந்த மாநிலத்தின் தாய் இறப்பு 2018-20இல் 54. அதே காலத்தில் நாட்டின் சராசரி 301இலிருந்து 97.

பணமும் தன் பங்குக்கு வேலை செய்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவி நீண்ட காலம் சில நூறு ரூபாய்தான்; யாரும் அதற்காக நடக்கவில்லை. 2006இல் ஆறாயிரம், 2011இல் பன்னிரண்டாயிரம், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு பதினெட்டாயிரம். மூன்றாம் மாதமே பதிவு செய்ய ஆட்கள் தேடி வந்தார்கள். ஒரு காலத்தில் கண்ணில் படாமல் ஒளிந்தவர்களின் மகள்கள் இவர்கள். இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையில்தான் நர்சம்மாவுக்குச் சண்டை. இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பின் மூன்றாவது உண்டானவள்தான் பட்டியலில் வட்டமிட்ட பெயர். அவளுக்கு ஒன்றும் கிடையாது.

இப்போது எல்லாம் திரையில். கர்ப்பிணி ஒவ்வொருத்திக்கும் பிக்மி என்ற கணினிப் பதிவில் ஓர் எண் உண்டு. தாய் வீடு போனாலும் எண் கூடவே போகும். அஞ்சலட்டைக்கு வேலை இல்லை. இதை நர்சம்மா மனதாரப் பாராட்டுகிறார். அடுத்த மூச்சில் புலம்பலும் வருகிறது. சுகாதாரத் துறைக்கு பிக்மி, அங்கன்வாடிக்கு 2021இல் வந்த போஷன் டிராக்கர். ஒரே பெண்ணை இரண்டு பேர் இரண்டு செல்போனில் ஏற்றுகிறார்கள். எண்ணிக்கை மறுபடியும் ஒட்டுவதில்லை. பகலெல்லாம் வீடு சுற்றிவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று இரவில் பதிவேற்றும் இளம் செவிலியர்களிடம் இரண்டு செல்போனையும் ஒரே பாயில் வையுங்கள் என்றுதான் சொல்கிறார்.

பேசவேண்டியவையும் மாறிவிட்டன. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 45 சதவீதம் சிசேரியன். கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இவை 34, 44. ஆஸ்பத்திரிக்கு வரவைப்பது என்ற ஒற்றை நோக்கத்தில் எல்லாரையும் சேர்த்தது போல ரத்தசோகையில் சேர்க்க முடியவில்லை. அதில் ஓடி வர ஆம்புலன்சும் இல்லை, மரணக் கூட்டமும் இல்லை. கீழே கொட்டிய இரும்புச்சத்து மாத்திரைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பழையபடி ஃபேனைப் பார்க்கிறார்கள். சிசேரியனைப் பற்றிப் பேச வேண்டியவர்களில் பாதிப்பேர் தனியார் மருத்துவமனைக்காரர்கள். அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் அவரை விடாமல் கூப்பிடுவது பெங்களூருக் கணக்குக்காக. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் போகும் இளம் தம்பதிகள் பிள்ளை உண்டான பின்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பெண்ணின் கையில் இங்கே கொடுத்த எண்ணும் இருக்கும், கர்நாடகத்தில் கொடுத்த தாயி கார்டும் இருக்கும். இரண்டு பக்கமும் அவள் மறுபக்கத்தில் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பண்டிகைக்கு ஊர் வருகிறபோதுதான் ரத்த அளவு ஏழு என்று தெரியும். அண்மையில் ஒரு அங்கன்வாடியில் புது நர்ஸும் டீச்சரும் குழுத் தலைவியும் உட்கார்ந்திருந்தபோது நர்சம்மாவும் போயிருந்தார். பெங்களூரில் இருக்கும் பெண்களுக்கு யார் போன் செய்வது என்ற பேச்சு வந்தது. பெண்களின் நம்பர் மாறிக்கொண்டே இருக்கிறது என்றார் நர்ஸ். மேஸ்திரிமார்களின் நம்பர் மாறுவதில்லை; அவர்கள் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள், மனைவிமார் குழுவில் இருக்கிறார்கள் என்றார் தலைவி. மாதத்தில் முதல் ஞாயிறு, கூலி கொடுக்கிற அன்று, மேஸ்திரி மூலமாகப் பேசுவது என்றும், பேசியதை டீச்சர் தன் போனில் ஏற்றி நர்ஸுக்கும் அனுப்புவது என்றும் எழுதிக்கொண்டார்கள். எந்த மேஸ்திரியிடம் எந்தப் பெண் என்று பெயர் எழுத ஆரம்பித்தபோது, இரண்டு செல்போனிலும் இல்லாத ஒரு பெயரைத் தலைவி சொன்னார்.